சிவப்பாக வந்த ‘இல்லை’

இஷ்ராஃப் கோபக்காரி. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் அவளோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். முதலில் அவள் தலைநகர் துனிஸில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தாள். அவள் எழுதிய கணினி நிரலை மேலதிகாரி தன்னுடையது என்று கூட்டத்தில் காட்டினார். இவள் எழுந்து, “அதுல ஒரு தப்பு இருக்கு, எங்கேன்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டாள். அவர் விழிக்க, பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள்.

ஊரில் அவளுக்கு வேலை கொடுத்தவர் லஸாத். துறைமுகத்துக்குப் பின்னால், மீன்வலை விற்கும் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம். நல்ல மனுஷர், ஆனால் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. பிரசவ கிளினிக்குகளுக்காக ஒரு நிரல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு வந்ததும் அவர்தான். அதை எழுதிக்கொடுத்தது இஷ்ராஃப்.

விஷயம் எளிமையானது. வட்டார ரத்த வங்கி தன்னிடம் எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு இணையப் பக்கத்தில் போடும். வங்கிக்குப் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தைத் திறந்தாலோ கண்ணைக் குத்தும் பொடி எழுத்து, கடவுச்சொல், கட்டம் கட்டமாக அட்டவணை. அவசரத்தில் இருக்கும் நர்ஸுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? இஷ்ராஃபின் நிரல் அந்தப் பக்கத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே, யார் கண்ணிலும் படாமல் திறந்து படித்துவிடும். ரத்த வகையைத் தட்டினால் போதும். பச்சையில் ‘உண்டு’, சிவப்பில் ‘இல்லை’. எட்டி நின்றாலும் தெரிகிற எழுத்து.

ஒரு சிக்கலை மட்டும் அவள் ஆரம்பத்திலேயே கண்டிருந்தாள். பக்கம் எப்போது முழுதாக வந்து சேர்ந்தது என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். உள்ளே பக்கத்தைத் திறக்கும் உலாவி ‘முடிந்தது’ என்று ஒரு குரல் கொடுக்கும். ஆனால் அந்தப் பக்கத்துக்குள் குட்டிப் பக்கங்கள் சில இருந்தன, ஒவ்வொன்றும் வந்து சேரும்போது அதே குரல்தான். எது கடைசிக் குரல்? முகவரியை ஒப்பிட்டு, வெளிப்பக்கத்துக்கு உரிய குரலை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி எழுதினாள். அது வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அவளும் அதை மறந்துவிட்டாள்.

அந்தக் கோடையில் ஒரு முற்பகல், ஸ்ஃபாக்ஸுக்குத் தெற்கே இருக்கும் மஹ்ரெஸ் கிளினிக்கிலிருந்து மப்ரூக்கா போன் செய்தாள். அங்கே தலைமை நர்ஸ். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். அன்றைக்குக் குரல் தாழ்ந்திருந்தது.

“இஷ்ராஃப், ஒண்ணு கேக்கறேன். உன் மெஷினு ஓ நெகட்டிவ் இல்லேங்குது. நெஜமாவே இல்லையா?”

“அக்கா, அது வங்கிக்காரங்க போடறதை அப்படியே படிச்சுச் சொல்லுது. ஏன், என்ன ஆச்சு?”

“வஹீபான்னு ஒரு பொண்ணு. மாசம் ஆகல, ரத்தம் கொட்டுது. இங்க வச்சுக்க முடியாது. தெற்கே காபெஸ்ல அவ அண்ணன் இருக்கான், அவனுக்கும் அதே க்ரூப்பு. அவன்கிட்ட எடுத்துக்கலாம்னு டாக்டர் ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கெளம்பிட்டாரு. எனக்கென்னமோ மனசு கேக்கல. போன வாரம்தான் ஸ்ஃபாக்ஸ்ல ரத்ததான முகாம் போட்டாங்க. அதுக்குள்ள ஒரு பை கூடவா மிச்சமில்லாம போயிரும்?”

இஷ்ராஃப் பேசிக்கொண்டே தன் கணினியில் நிரலைத் திறந்தாள். ஓ நெகட்டிவ் தட்டினாள். சிவப்பு. அவளுக்கு ஏதோ தோன்றி ஏ பாசிட்டிவ் என்று தட்டினாள். ஊரில் நிறையப் பேருக்கு அந்த ரத்தம்தான் ஓடுகிறது. அதுவும் சிவப்பு. எட்டு வகையையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு.

சாதாரண உலாவியில் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பு வந்தது, அட்டவணை வந்தது. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். உலாவியின் சுழல் வட்டம் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் போனது. பிறகுதான் பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக மாறி எண்கள் வந்து உட்கார்ந்தன.

பக்கத்தை யாரோ மாற்றி அமைத்திருந்தார்கள். அது வந்து சேர்ந்து ‘முடிந்தது’ என்று சொன்ன பிறகு, எண்களைத் தனியாகப் போய் வாங்கி வந்தது. இவள் நிரலோ அந்தக் குரலைக் கேட்டதும் படித்துவிட்டு ஓடியது. பந்தியில் இலை போட்ட கையோடு ‘சோறு இல்லை’ என்று எழுந்து போனவனைப் போல.

“அக்கா, இருக்கு! ரத்தம் இருக்கு. இங்கேயே, ஸ்ஃபாக்ஸ்லயே இருக்கு. வண்டியைத் திருப்பச் சொல்லுங்க!”

“அடி பாவி” என்றாள் மப்ரூக்கா. திட்டினாளா, அழுதாளா தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் போனது தெற்கே. ரத்தம் இருந்தது வடக்கே. டிரைவர் நூரி வண்டி ஓட்டும்போது போன் எடுக்காதவர். டாக்டரின் போன் கிளினிக் மேஜை மேலேயே கிடந்து அடித்தது. வஹீபாவின் புருஷன் ஃபாகிர் மட்டும் தன் சின்ன லாரியில் ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே போயிருந்தான்.

“நான் சொன்னா நம்ப மாட்டான். இல்லேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னவளே நான்தான். நம்பர் தரேன், நீயே பேசு” என்றாள் மப்ரூக்கா.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தான். காற்றின் இரைச்சலுக்குள் ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது.

“யாரு?”

“ஃபாகிர் அண்ணே, நான் ஸ்ஃபாக்ஸ்லேந்து பேசறேன். ரத்தம் இங்க இருக்கு. ஆம்புலன்ஸை நிறுத்தித் திருப்பச் சொல்லுங்க.”

“இப்பத்தானே இல்லேன்னாங்க? நீ யாரும்மா?”

“அந்த ப்ரோகிராமை எழுதினவ.”

அவன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“அது தப்பாச் சொல்லிருச்சு அண்ணே. என் தப்புதான். என்னை அப்புறம் திட்டுங்க, இப்ப ஹாரன் அடிச்சுக்கிட்டு முன்னாடி போங்க.”

“இதுவும் தப்பா இருந்துச்சுன்னா? திரும்பி வந்து அங்கயும் இல்லேன்னா என் பொஞ்சாதியை என்னம்மா பண்ணச் சொல்றே?”

திரையில் இருக்கும் எண் காலையில் போட்டதோ, நேற்றுப் போட்டதோ, யார் கண்டது? இருந்தாலும் சொன்னாள்: “நான் இப்பவே வங்கிக்குப் போறேன். பையைக் கண்ணால பார்த்துட்டு உங்களைக் கூப்பிடறேன். அதுவரைக்கும் என்னை நம்பி இந்தப் பக்கமா வாங்க.”

போன் துண்டிக்கப்பட்டது. வருகிறானா, இல்லையா?

லஸாத் தன் பழைய காரை எடுத்தார். சந்தைத் தெருவில் நெரிசல். தர்பூசணி வண்டி ஒன்று குறுக்கே நின்றது. இஷ்ராஃப் இறங்கி ஓடினாள். வங்கி பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஜன்னலில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

“ஓ நெகட்டிவ் இருக்கா?”

“போன்ல கேட்டிருக்கலாமே.”

“எடுத்தீங்களா நீங்க?” என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “உள்ள போய்ப் பாருங்க. நானும் பார்க்கணும். ஒருத்தி ரத்தம் கொட்டக் கொட்ட வந்துக்கிட்டிருக்கா.”

அந்த ஆள் சாண்ட்விச்சை வைத்துவிட்டு எழுந்தார். குளிர்பெட்டிக் கதவைத் திறந்து, ஒரு பையை எடுத்து உயர்த்திக் காட்டினார். உள்ளே இன்னும் இருக்கிறது என்று கையாலேயே சைகை காட்டினார்.

ஃபாகிரைக் கூப்பிட்டாள். “பார்த்துட்டேன் அண்ணே. என் கண்ணு முன்னாடி இருக்கு.”

“திருப்பியாச்சு. அப்பவே திருப்பியாச்சு” என்றான் அவன்.

வாசல் மர நிழலில் நின்றாள். லஸாத் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்னால், விளக்கைப் போட்டபடி ஃபாகிரின் லாரி. கதவு திறந்தது. வஹீபாவின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே தொங்கிய கை மட்டும் தெரிந்தது; மெழுகு நிறம். ஃபாகிர் கட்டிலைப் பிடித்தபடி உள்ளே ஓடினான். இஷ்ராஃப் முன்னால் போகவில்லை. யாரென்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது?

சாயங்காலம் மப்ரூக்கா கூப்பிட்டாள். “பொழைச்சுட்டா. பையன், கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க, அவனும் தேறிடுவானாம். கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.”

“அந்த நேரம் வீணாப் போகாம இருந்திருந்தா?”

“டாக்டரைக் கேட்டேன். ‘சொல்ல முடியாது’ன்னாரு.”

மறுநாள் காலை அலுவலகத்தில் சண்டை.

“ஒரு அஞ்சு விநாடி காத்திருந்து படிக்கட்டும், முடிஞ்சுது” என்றார் லஸாத்.

“மஹ்ரெஸ்ல நெட் லைன் ஊர்ந்து வருது சார். அஞ்சு விநாடி பத்தாது. பத்துன்னு வச்சா ஒருநாள் பதினொண்ணு ஆகும். நேரத்தை எண்ணவே கூடாது. பக்கத்தோட அடியில ‘இத்தனை மணிக்குப் புதுப்பித்தது’ன்னு ஒரு வரி வருது. எண்ணெல்லாம் வந்தப்புறம்தான் அது வரும். அந்த வரி வந்தாத்தான் படிக்கணும், அதுல இருக்கிற நேரத்தையும் திரையில காட்டணும். வரலேன்னா ‘தெரியவில்லை’ன்னு சொல்லணும்.”

“‘தெரியவில்லை’யா? தெரியாதுன்னு சொல்ற ப்ரோகிராமை எவன் வாங்குவான்?”

“தெரியாததை ‘இல்லை’ன்னு சொன்னதாலதானே சார் அவளை எதிர்த்திசையில அனுப்பினோம்?”

லஸாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எந்தக் கலர்ல?” என்று கேட்டார்.

“மஞ்சள்.”

எல்லா கிளினிக்குகளுக்கும் லஸாத் தானே போன் செய்து, பழைய நிரலை மூடிவிடச் சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை. புதியதை இஷ்ராஃப் நேரில் போய்ப் போட்டாள். ஒரு கிளினிக்காரர் மஞ்சளைப் பார்த்து முகம் சுளித்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மற்றவர்கள் முணுமுணுத்தபடி வைத்துக்கொண்டார்கள்.

மஹ்ரெஸுக்குக் கடைசியாகத்தான் போனாள். அவள் வேலையை முடித்த வேளையில் ஃபாகிர் ஏதோ காகிதம் வாங்க வந்திருந்தான். மப்ரூக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, “இவதான் அந்த இஷ்ராஃப்” என்று சொல்லிவிட்டாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் எழுந்து நின்றாள்.

“அப்புறம் திட்டலாம்னு போன்ல சொன்னியே” என்றான்.

“ஆமா அண்ணே.”

“அவ இன்னும் சரியாத் தூங்க மாட்டேங்கறா” என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வெளியே போனான். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. இஷ்ராஃப் நாற்காலியில் உட்கார்ந்து, மப்ரூக்காவிடம் இன்னொரு தரம் எல்லா வகைகளையும் தட்டிப் பார்க்கச் சொன்னாள்.