றபீக் நானாவின் பெயர் சிவந்த நாட்கள்

செயலி செய்பவன் ஊரில் நல்ல பெயர் எடுப்பது லேசில் நடக்காது என்பதை, இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்முனைப் பக்கம் மனநோயாளரை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குழுவுக்கு நான் ஒன்று செய்து கொடுத்தேன். குழுவில் மூன்று பேர்: டொக்டர் மாலதி, தாதி பஹ்மிதா, வெளிக்கள உத்தியோகத்தர் யேசுதாசன். மாத்திரை போட்டதும் நோயாளி தன் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மூவர் போனிலும் அவர் பெயர் சிவந்துவிடும்.

மூன்று மோட்டார் சைக்கிள்

முதலில் சிவந்தது சாய்ந்தமருது றபீக்கின் பெயர்; ஊருக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். முன்பொருமுறை மாத்திரையை விட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, தையல் கடையையும் இழக்கப் பார்த்தவர். இன்னொரு தடவை விழுந்தால் கடை மிஞ்சாது. மூவரும் பதறி ஆளுக்கொரு பக்கமிருந்து கிளம்பினார்கள். 'நான் போகிறேன்' என்று மற்றவருக்குச் சொல்லச் செயலியில் நான் வழியே வைக்கவில்லை! ஒடுங்கிய ஒழுங்கைக்குள் மூன்று மோட்டார் சைக்கிள்கள் ஒன்றாக வந்து நிற்க, அயலவர் தொப்பியும் முக்காடுமாக ஓடி வந்துவிட்டார்கள். விசாரித்தால், நானாவின் போனில் சார்ஜ் இல்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு ஒண்டுமில்ல. ஆனா நான் மௌத்தாப் போயிட்டனெண்டு ஊரையே கூட்டிப்போட்டீங்களே!"

கஞ்சிக் கோப்பை

'நான் போறன்' என்றொரு பொத்தானைச் சேர்த்துக் கொடுத்தேன். நோன்பு தொடங்கியதும் நானா மெய்யாகவே பகல் மாத்திரையை விட்டுவிட்டார்; பெயர் மறுபடி சிவந்தது. யேசுதாசன் பொத்தானை அழுத்திவிட்டுப் போக, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நோன்பு துறக்கிற நேரம். எங்களுக்கும் கஞ்சி வந்தது.

"மருந்து குடிக்கிற வருத்தக்காரருக்கு நோன்பில சலுகை இருக்குதானே நானா?" என்றார் யேசுதாசன்.

"இருக்கு தம்பி. ஆனா நான் நோன்பு பிடிக்காட்டி, இவனுக்கு இன்னும் பைத்தியம் தெளியல்ல எண்டுதான் ஊர் கதைக்கும்."

யேசுதாசன் புத்தி சொல்லவில்லை. கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு டொக்டரை அழைத்தார். டொக்டர் எந்த மாத்திரையை எப்போது போடலாம் என்று யோசித்து மாற்றினார். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நானாவை எழுப்பும் பொறுப்பைப் பஹ்மிதா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டமில்லை, கடிதமில்லை. இப்படி வேலை செய்கிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. டொக்டர் சொன்னது இவ்வளவுதான்:

"நோன்பையும் விட வேணாம், மருந்தையும் விட வேணாம். நேரத்த மட்டும் மாத்துவம்."

பெருநாள்

அந்த மாதம் முழுக்க அவர் பெயர் பச்சையாகவே இருந்தது. பெருநாளன்று மத்தியானம் திடீரென்று சிவந்தது. யேசுதாசன் முந்திக்கொண்டு 'நான் போறன்' என்று அழுத்தினார். மற்ற இருவருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, எனக்கும்தான். நால்வரும் போய்ப் பார்த்தால், தானே தைத்த புதுச் சட்டையோடு நானா வாசலில் நிற்கிறார்! உள்ளே பாய் விரித்துச் சாப்பாடும் இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்திருந்தார்கள்.

"மாத்திரை நேரத்துக்கே போட்டுட்டன். பொத்தான அமத்தியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா? சொந்தக்காரரெல்லாம் வந்துட்டுப் போயிட்டாங்க, நீங்கதான் மிச்சம். வாங்க உள்ளுக்கு!"

இப்படி ஏமாற்ற இடம் கொடுப்பது செயலியில் பெரிய பிழைதான், ஆனால் அவர் வீட்டு வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.