முன்னால் போன காரின் தடம்

கார் பழக்குவது என் தொழில். பளையில் என்னிடம் ஒரு சின்னச் சிவப்புக் கார் இருக்கிறது. எண்ணூறு சீசீ எஞ்சின், முன்னும் பின்னும் எல் போர்ட், இடது பக்கத்தில் எனக்கென்று தனியாக ஒரு பிறேக். பதினொரு வருடமாக அந்த இடது பக்க இருக்கையில் இருந்து பெண்களுக்குப் பழக்குகிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலின் கடைசிக் கதிரையைத் தேடுகிறவள் நான். ஆனால் காருக்குள் எனக்குப் பேச வரும். இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்க்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட நான் கார் ஓட்டப் போட்டிக்குப் போனதற்கு என் மச்சாள்தான் காரணம். அண்ணாவின் மனைவி, பக்கத்து வளவு, என் வயதுதான். செட்டிகுளத்துக்குக் கிட்ட, கோடையில் வற்றிப்போகும் ஒரு குளத்தின் ஓரத்தில், விளையாட்டுக் கழகம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை கார்ப் போட்டி வைக்கிறது. அதில் ஒரு கார் இன்னொரு காரை முந்துவது கிடையாது. சுண்ணாம்பு பூசிய பழைய ரயர்களை அடுக்கி வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காராக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்கள் வெற்றி. ரயரில் முட்டினால் இரண்டு செக்கன் கூட்டுவார்கள். சின்னக் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. போன வருடம் என்னைக் கேட்காமலே மச்சாள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அன்று அறுபத்தொரு செக்கன் எடுத்தேன். சின்னக் கார்களில் கடைசி. ஒலிபெருக்கிக்காரர் என் எல் போர்ட்டைப் பார்த்துவிட்டார்.

"கார் பழக்கிற அக்கா வாறா! பெடியள், பார்த்துப் பழகுங்கோ. ஓட்டத்தை இல்லை, பொறுமையை!"

சனம் சிரித்தது. யாரோ அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அடுத்த கிழமை பழக வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு பெண்கள் வரவில்லை. அதில் ஒருத்தி நல்ல பிள்ளை, தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஆம்பிளை ஒராளிட்டைப் பழகட்டாம் எண்டு இவர் சொல்லுறார்."

"சரி பிள்ளை, பரவாயில்லை" என்று வைத்துவிட்டேன். பரவாயில்லை என்றது பொய். அன்று பகல் சாப்பாடு இறங்கவில்லை. பதினொரு வருடத்தில் என்னிடம் பழகிய ஒருத்திகூடக் காரைக் கொண்டுபோய் எங்கும் இடித்ததில்லை. அது ஒருவருக்கும் தெரியாது. அறுபத்தொரு செக்கன்தான் எல்லோருக்கும் தெரியும். காலைச் சுற்றில் ஐம்பது செக்கனுக்குள் ஓடுகிறவர்களுக்குத்தான் பின்னேரச் சுற்று. அடுத்த வருடம் அந்தப் பின்னேரச் சுற்றில் நான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மச்சாளிடம் மட்டும் சொன்னேன். சொன்ன கையோடு அது இரண்டு ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் காரில்தான் பிழை என்று நினைத்தேன். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒருவர் இருக்கிறார். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பேச்சில் அந்த வாடை இன்னும் உண்டு. "எஞ்சினுக்கு ஏதாவது செய்யேலுமோ?" என்று கேட்டேன். அவர் காரைத் திறக்கவே இல்லை. பின் கதவைத்தான் திறந்து பார்த்தார்.

"அக்கா, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. இது காரா, வீட்டு சாமான் ஏத்துற லொறியா?"

உள்ளே மேலதிகச் சில்லு, ஜாக், இரண்டு குடை, தண்ணீர்க் கலன், ஒரு மூட்டை தேங்காய். பளையில் யார் வீட்டுக்குப் போனாலும் தேங்காய் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் இறக்க வைத்தார். என் பக்கத்துப் பிறேக்கையும் போட்டிக்கு மட்டும் கழற்றச் சொன்னார். ஓட்டுநர் இருக்கையை ஒரு பல் முன்னுக்குத் தள்ளி, "கைய நீட்டிப் புடிச்சா லேட்டாத்தான் திரும்புவீங்க" என்றார்.

பிறகு ரயர்க் காற்று. அதை அவர் சொல்லித் தந்த விதம் எனக்குப் பிடித்தது. ரயரின் தோளில், நிலத்தில் படும் இடத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில், வெள்ளைச் சோக்கட்டியால் கோடு கீற வேண்டும். வேகமாக நாலு வளைவு எடுத்துவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். கோடு எவ்வளவு அழிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ரயர் சரிந்து ஓடியிருக்கிறது. நன்றாக மேலேவரை அழிந்தால் காற்றுப் போதாது. அழியவே இல்லை என்றால் காற்றுக் கூடிவிட்டது. பழக்குகிற பிள்ளைகளுக்கு ஸ்ரியறிங் பாரமாக இருக்கக் கூடாது என்று நான் எப்போதும் நாலு ரயருக்கும் ஒரே அளவு அடிப்பேன். அவர் முன்னுக்குக் குறைத்துப் பின்னுக்குக் கூட்டினார். கார் மூக்கை உடனே திருப்பியது. புதுக் கார் வாங்கியது போல் இருந்தது.

இருந்தும் வீட்டுப் பின்வளவில் ரயர்களை வைத்து ஓடிப் பார்த்தபோது ஐம்பத்தெட்டுக்குக் கீழே வரவில்லை. போன வருடப் பாதையையே மச்சாள் அடி அளந்து வைத்திருந்தாள்.

அன்று குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது மச்சாள் தன் கைத்தொலைபேசியை என் முன்னால் வைத்தாள். போன வருடம் அவள் பிடித்த படம். அதுவரை நான் பார்க்க மறுத்த படம்.

"இண்டைக்குப் பார்க்கத்தான் வேணும், மச்சாள். கண்ணை மூடாதேயும்."

படத்தில் முதலில் எனக்கு முன்னால் ஓடிய வெள்ளைக் கார் வந்தது. நாலாவது ரயரில் அந்தப் பையன் வழுக்கி, வெளியே போய், தூண்டில் முள்ளுப் போல் ஒரு வளைவு வளைந்து, திரும்பப் பாதைக்கு வந்தான். அடுத்தது என் சிவப்புக் கார். நாலாவது ரயரில் நானும் வெளியே போய், தூண்டில் முள்ளுப் போல் வளைந்து, திரும்பி வந்தேன். நான் வழுக்கவில்லை. மெதுவாக, கவனமாக, அவன் போன இடத்தால் போயிருக்கிறேன்.

மச்சாளுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"ஐயோ கடவுளே! அவன் பிழைவிட்ட இடத்திலை நீரும் போய்ப் பிழைவிட்டிருக்கிறீர்! அவன் குளத்துக்குள்ளை இறங்கியிருந்தாலும் பின்னாலை போயிருப்பீர் போல!"

நானும் சிரித்தேன். பிறகு அவள் படத்தைத் திரும்ப ஓடவிட்டாள். முழுப் பாதையிலும் அப்படித்தான். என் சில்லுகள் வெள்ளைக் காரின் தடத்தை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை. இரண்டாவது தடவை அவள் சிரிக்கவில்லை.

"நீர் எங்கை மச்சாள் ஓடப் பழகினனீர்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

யுத்தம் முடிந்து, அகதி முகாமிலிருந்து பளைக்குத் திரும்பி வந்த காலத்தில்தான் பழகினேன். அப்போது ரோட்டின் இரண்டு கரையிலும் சிவப்பு நாடாவும் மண்டையோட்டுப் பலகையும். அண்ணாவின் பழைய வான் வண்டியில் நான் முதன்முதல் ஸ்ரியறிங் பிடித்த நாளில் அவர் சொன்னது கியரைப் பற்றி அல்ல. "முன்னாலை போன வாகனத்தின்ரை தடத்திலை மட்டும் சில்லை வை. தடம் இல்லாத மண்ணிலை வைக்காதை." கண்ணிவெடி எடுத்து முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பலகைகள் இருந்த இடத்தில் இப்போது தென்னங்கன்றுகள் நிற்கின்றன. நான் பழக்கும் பிள்ளைகளுக்கு "தூரப் பார் பிள்ளை, கீழை பார்க்காதை" என்று நாளுக்கு நூறு தரம் சொல்கிறேன். என் கண் மட்டும் இன்னும் மண்ணில்தான் இருந்திருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை.

தெரிந்த பிறகு வேலை சுலபம் என்று நினைத்தேன். இல்லை. தடம் இல்லாத மண்ணைக் கண்டதும் என் கால் தானாக அக்சிலேற்றரிலிருந்து எழும்பியது. நான் பயப்படவில்லை, கால்தான் பயந்தது.

மச்சாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் ஒவ்வொரு சுற்று ஓடியதும் அவள் ஒரு காய்ந்த தென்னோலையை இழுத்துக்கொண்டு வளவு முழுதும் நடந்து தடத்தை அழித்தாள். அடுத்த சுற்றுக்கு எனக்குப் பின்தொடர ஒன்றும் இருக்காது. கண்ணை எங்கே வைப்பது? அடுத்த ரயரில் வைக்க வேண்டி வந்தது. அதைக் கடக்குமுன் அதற்கும் அடுத்த ரயரில். கண் போன இடத்துக்குக் கை போனது. இரண்டு கிழமையில் ஐம்பத்து மூன்று வந்தது.

"கூட்டிற வேலையெல்லாம் எனக்கு, கப் உமக்கோ?" என்று அவள் ஓலையைப் போட்டாள்.

பிறகு தடங்களை அழிக்காமல் விட்டு, அவற்றைக் குறுக்கே வெட்டி ஓடச் செய்தாள். அதுதான் கஷ்டம். வெட்டும் ஒவ்வொரு தரமும் மச்சாள் ஓரத்தில் நின்று கை தட்டுவாள். கடைசியில் ஐம்பத்தொன்று. மாதக்கணக்காக அங்கேயே நின்றது.

போட்டி நாள் விடிய பளையிலிருந்து புறப்பட்டோம். ஏ ஒன்பது வீதியால் வவுனியாவுக்கு வந்து செட்டிகுளத்துக்குத் திரும்பினோம். நாங்கள் இருந்த முகாமின் பக்கம் வந்ததும் வழக்கம் போல இரண்டு பேரும் ரோட்டை மட்டும் பார்த்தோம். அதைத் தாண்டியதும் மச்சாள் வடைப் பார்சலைப் பிரித்தாள்.

காலையில் ஆளுக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் சனத்தைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது. கண் கீழே போயிற்று, தடத்திலேயே ஓடினேன். ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. ஒலிபெருக்கிக்காரர் போன வருடத்து ஆள்தான்.

"பொறுமை அக்கா திரும்பவும் வந்திட்டா! முன்னேற்றம் இருக்கு!"

மச்சாள் யன்னலுக்குள் தலையை விட்டாள். "மச்சாள், அவன் கத்தட்டும். நான் இப்ப ஓலையாலை எல்லாத்தையும் கூட்டிப்போட்டன் எண்டு நினையும். தடமே இல்லை. சரியோ?"

இரண்டாவது ஓட்டத்தில் ரயர்களை மட்டும் பார்த்தேன். நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. என்னை அறியாமல் ஹோர்ன் அடித்துவிட்டேன். சின்னக் கார்களில் ஐந்து பேர் பின்னேரச் சுற்றுக்குத் தெரிவானார்கள். ஐந்தில் நான் ஐந்தாவது. மற்ற நாலு பேரும் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. நான் வந்த காரியம் அத்தோடு முடிந்தது. சோற்றுப் பார்சலை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டபின் பாதையை நடந்து பார்க்க விட்டார்கள். மற்றவர்கள் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். என் செருப்பு வார் அறுந்துவிட்டதால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். நாலாவது ரயருக்கு அருகில் குதி புதைந்தது. காலையிலிருந்து எல்லாக் கார்களும் ரயரை ஒட்டியே திரும்பியதில், குளத்து மண்ணின் காய்ந்த பொருக்கு உடைந்து, கோதுமை மாப் போல் ஆகியிருந்தது. அதில்தான் எல்லோரும் வழுக்கினார்கள். ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த தூரம், வெளியே, ஒருவரும் போகாத இடத்தில், கால் வைத்தேன். சீமெந்துத் தரை போல் இறுக்கம். திரும்ப உள்ளே வைத்தேன், மா. வெளியே வைத்தேன், சீமெந்து. பார்க்கிறவர்கள் நான் நடனம் பழகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மற்ற வளைவுகளிலும் அப்படித்தான் இருந்தது. நல்ல தரை எங்கே இருந்ததோ அங்கே ஒரு தடமும் இல்லை. இவ்வளவு காலம் எந்த மண்ணில் சில்லை வைக்கக் கூடாது என்று ஓடினேனோ, அந்த மண்.

பின்னேரச் சுற்றில் ஆளுக்கு ஒரே ஓட்டம். காலையில் அதிக நேரம் எடுத்தவர் முதலில் ஓட வேண்டும். ஆகவே நான்தான் முதல். கொடி விழுந்தது. முதல் வளைவிலேயே எல்லோருடைய தடத்தையும் குறுக்கே வெட்டி வெளியே போனேன்.

"அக்கா எங்கை போறா? பாதை இஞ்சாலை அக்கா!" என்று ஒலிபெருக்கி கேட்டது.

கால் எழும்பப் பார்த்தது. எழும்ப விடவில்லை. சில்லு பொருக்கைப் பிடித்தது. பின்பக்கம் கொஞ்சம் சரிந்து, சோக் கோட்டில் பார்த்த அதே அளவுக்குச் சரிந்து, காரின் மூக்கு அடுத்த ரயருக்கு நேராக வந்து நின்றது. நாலாவது ரயரில் இன்னும் வெளியே எடுத்தேன். பிறேக் பிடிக்கத் தேவையே வரவில்லை. கடைசி நேர்ப் பாதையில் மூன்றாம் கியர். அந்தப் பாதையில் நான் மூன்றாம் கியர் போட்டது அதுதான் முதல் தடவை. ஒரு ரயரிலும் முட்டவில்லை.

நிறுத்தி இறங்கினேன். நேரம் பிடித்தவர்கள் இரண்டு மணிக்கூட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒலிபெருக்கிக்காரர், பகிடி ஒன்றும் சேர்க்காமல், எண்ணை மட்டும் சொன்னார்.

"நாப்பத்தாறு புள்ளி ஒண்டு."

பிறகுதான் சத்தம் வந்தது. மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கழன்று விழுந்தது.

இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், நான் எதால் போனேன் என்று பார்த்துவிட்டார்கள். முதலாவது ஆள் அப்படியே என் தடத்தில் ஓடினார். இரண்டாவது ஆளும் என் தடத்தில். ஆனால் அந்தப் பொருக்கை என் சில்லு உடைத்துவிட்டது. முதலாமவர் அதை இன்னும் நன்றாக உடைத்தார். நாலாவது ஆள் வரும்போது அங்கேயும் மாத்தான். நாற்பத்தாறு புள்ளி ஒன்பது, நாற்பத்தேழு, பிறகு கடைசி இருவரும் நாற்பத்தெட்டு. புதிதாக ஒரு பக்கம் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மச்சாள், பாரும்!" என்று பக்கத்தில் நின்ற மச்சாள் என் கையைக் கிள்ளினாள். "ஆம்பிளையள் எல்லாம் உம்மடை தடத்திலை வாறாங்கள்!"

கிண்ணத்தைத் தந்துவிட்டு ஒலிபெருக்கிக்காரர் மைக்கை நீட்டினார். "அக்கா, ரெண்டு வார்த்தை." அத்தனை முகங்கள். பிறகு நேரே அவர்களுக்குப் பின்னால் இருந்த வெள்ளை ரயரைப் பார்த்தேன். "நான் பளையிலை கார் பழக்கிறனான்" என்றேன். வேறொன்றும் வரவில்லை. அதற்கே கை தட்டினார்கள்.

அந்தப் பெண் மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்தாள், முன்பு வராமல் நின்றவள்.

"அக்கா, இவரே படத்தைக் காட்டினவர். ஞாயிற்றுக்கிழமை வரட்டோ எண்டு கேட்கச் சொன்னவர்."

"வாரும் பிள்ளை."

ஞாயிறு காலை இடது பக்கப் பிறேக்கைத் திரும்பப் பூட்டி, எல் போர்ட்டைக் கட்டி, நாலு ரயருக்கும் ஒரே அளவு காற்று அடித்தேன். அவளை ரோட்டுக்கு விடுவதற்கு முன் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். மச்சாள் அங்கே ஏற்கெனவே தென்னோலையோடு நின்றாள். வளவில் ஒரு கோடும் இல்லை.

"எதாலை அக்கா போக?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"உனக்கு விருப்பமான பக்கத்தாலை போ பிள்ளை," என்றேன். "தூரப் பார்."