சாக்பீஸ் வட்டம் போட்ட வேன்

எங்கள் வேனை விற்பதென்று முடிவானதும் என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம், ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் போய்ப் படுத்ததுதான்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தயாராகி வரும் சாமானில் எங்கே குறை என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வெள்ளை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். ஆயுசு முழுக்க அதையே செய்தவருக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் கண் சும்மா இருக்குமா? தோசைக்கு வட்டம் போடாததுதான் பாக்கி. சாம்பாரில் உப்பு, பிள்ளைகளின் கையெழுத்து, நான் கட்டுகிற புடவையின் மடிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு குறை கைவசம் வைத்திருப்பார். கெட்ட மனுஷர் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு வரவில்லை.

வேன் என்று நாங்கள் சொன்னது, ராணுவ ஏலத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் எடுத்த ஒரு கிழட்டு ஆம்புலன்ஸ். காயம்பட்டவர்களைப் படுக்கவைக்கும் தட்டுகள் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் மெத்தை போட்டோம். பின்னால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தண்ணீர் டிரம், என் பழைய வாயில் புடவையைக் கிழித்துத் தைத்த திரை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகாபலிபுரம், பழவேற்காடு, திருப்பதி அடிவாரம் என்று கிளம்பிவிடுவோம். பெயிண்ட் அடித்த பிறகும் சிவப்புச் சிலுவை லேசாகத் தெரியும். அதைப் பார்த்து லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். உள்ளே யாருக்கோ உயிர் ஊசலாடுகிறது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே நாங்கள் முறுக்கு தின்றுகொண்டிருப்போம்.

ஓட்டுவது நான். வாங்கிய அன்றே அவர் அதை பம்ப் ஹவுஸ் சுவரில் கொண்டுபோய் முட்டினார். இறங்கிச் சாவியை என் கையில் கொடுத்தார். ஒரு பெண் சைக்கிளில் போனாலே ஜன்னல் ஜன்னலாகத் தலை நீட்டிய தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் நான் வேன் ஓட்டினேன். பூந்தமல்லி ரோட்டில் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகும்போது எனக்குத் தலைக்கு மேல் ஒரு கிரீடம் இருக்கும். கர்வம்தான். இருக்கட்டுமே.

தொண்ணூறுகளில் அவர் ரிட்டயர் ஆனார். குவாட்டர்ஸைக் காலி செய்தாகவேண்டும். திருமுல்லைவாயிலில் நாங்கள் கட்டியிருந்த வீட்டுச் சந்தில் ஒரு மாடு நுழைந்தாலே திரும்ப முடியாது, பின்னாலேயே நடந்து வெளியே வரவேண்டும். வேன் எங்கே நுழைவது? பிள்ளைகளுக்கு வேன் போகிற வருத்தம். எனக்கு அதற்கு மேலும் ஒன்று. வேன் போய்விட்டால் நான் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருகிறவள். இனி எதையும் ஓட்டப்போவதில்லை.

வாங்க வந்தவர்களை அவரே விரட்டினார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள், "இங்க துரு, இங்க ஆயில் ஒழுகும், இந்தக் கதவு மழைக்கு வீங்கிக்கும்" என்று சாக்பீஸோடு சுற்றிவருவார். நான் ஈரத்துணியால் துடைத்துவைப்பேன். மறுநாள் காலையில் வட்டங்கள் திரும்ப முளைத்திருக்கும், புதிதாக இரண்டு சேர்ந்து. ஒவ்வொருவரும் தலைதெறிக்க ஓடும்போது உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். ஆனால் காலி செய்யும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் பூந்தமல்லியிலிருந்து கல்யாணச் சமையல் காண்டிராக்டர் ஒருவர் வந்தார். ஆட்களையும் அண்டா குண்டாக்களையும் ஏற்றிப்போக அவருக்கு வண்டி வேண்டும். இவர் வட்டம் வட்டமாகக் காட்டிக்கொண்டே போக, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ கொற சொல்லமாட்டான். உன் வண்டி சார் இது! ஷோக்கா கீது, எனக்கே குடுத்துடு."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அந்த வேனைக் கிளப்புவதற்கு எங்கள் குவாட்டர்ஸில் ஒரு முறை உண்டு. பேட்டரி எப்போதும் படுத்துக்கிடக்கும். நான் சாவியைத் திருகும் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வந்து தள்ளுவார்கள். இன்ஜின் பிடித்ததும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் தள்ளியவர்கள் எல்லோரும் ஓடி ஓடிப் பின்கதவு வழியாக ஏறிக்கொள்வார்கள். தள்ளினவருக்கு ஒரு சுற்றுச் சவாரி என்பது எழுதாத சட்டம்.

அன்றைக்கும் தள்ளினோம். காண்டிராக்டர் ஸ்டியரிங்கில். எதிர்வீட்டுக்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, பக்கத்து வீட்டு கோயம்புத்தூர் அக்கா கை நிறைய இட்லி மாவோடு. இன்ஜின் இருமியது, கனைத்தது, பிடித்தது. அவ்வளவுதான், எங்கள் கால்களுக்கு வேன் விற்றுப்போனது தெரியவில்லை. ஓடினோம். ஏறினோம். நான் ஏறிவிட்டேன். என் வீட்டுக்காரரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

காண்டிராக்டர் கண்ணாடியில் பார்த்து அலறினார். "ஐயையோ, இன்னாங்க இது! வண்டி வாங்கினேனா, ஊரையே வாங்கினேனா?"

"நிறுத்தாதீங்க!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் காண்டிராக்டர் எப்படியோ ஓட்டிப்போனார். அங்கே கியர் மாட்டத் தெரியாமல் வண்டி நின்றுபோனது. அந்தக் கியரை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி, கொஞ்சம் கெஞ்சித்தான் போடவேண்டும். அவர் இறங்கி வேர்வையைத் துடைத்தார்.

"அக்கா, நீங்களே ஒக்காருங்க. நான் தள்றேன்."

காசு கொடுத்து வாங்கிய வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, அவரும் ஓடிவந்து கூட்டத்தோடு ஏறினார். அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? யாரோ பாட ஆரம்பித்தார்கள், யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள். குழி வந்தால் எல்லோரும் சேர்ந்து எகிறினோம். கோயம்புத்தூர் அக்காவின் மாவுக் கை என் தோளில் பதிந்திருந்தது. அந்த ரோடு பூந்தமல்லியோடு முடியாமல் காஞ்சிபுரம், வேலூர் என்று போய்க்கொண்டே இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

முடிந்துவிட்டது. காண்டிராக்டருடைய சமையற்கூடத்து வாசலில் நிறுத்தினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கவேண்டும். ஸ்டியரிங்கிலிருந்து கை வரவில்லை.

காண்டிராக்டர் என் வீட்டுக்காரரிடம் போனார். "சார், நம்மால இத்த ஓட்ட முடியாது. முகூர்த்த நாளுக்கு மட்டும் அக்கா வந்து ஓட்டிக் குடுப்பாங்களா? என் ஆளுங்க அத்தினி பேரும் உள்ள ஒக்காந்துகினு இருப்பாங்க. நம்பி உடலாமா? உள்ளத சொல்லு சார்."

ஓட்டப்போகிறவள் நான், கேள்வி அவரிடம். அதற்கே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கோபத்தை மீறிப் பயம். உள்ளதைச் சொல் என்று போயும் போயும் இந்த மனுஷரிடமா கேட்பது? கிளட்சில் கால் வைத்தே ஓட்டுவேன், திருப்பத்தில் அகலமாகப் போவேன், எல்லாம் வரிசையாக வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை வெல்டிங்கைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தார்.

"ஹாரன் கொஞ்சம் ஜாஸ்தியா அடிப்பா," என்றார்.

நான் பல்லைக் கடித்தேன்.

"மத்தபடி குறை சொல்ல ஒண்ணும் இல்ல. என் பிள்ளைங்க ரெண்டையும் இவ ஓட்டுற வண்டியில ஏத்திட்டு, நான் எத்தனையோ நாள் நிம்மதியா தூங்கியிருக்கேன்."

நான் வருகிறேன் என்று வாயால் சொல்லவில்லை. பூந்தமல்லியே திரும்பிப் பார்க்கும்படி ஹாரனை அழுத்தினேன்.