காணாமல் போன மூன்று கிலோ

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் உடம்பிலிருந்து மூன்று கிலோ காணாமல் போனது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்சம்மா எங்களை வரிசையாக நிறுத்தி எடை பார்த்து, என் அட்டையில் இருபத்துநாலு என்று எழுதினார். சனிக்கிழமை மாமாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்த இறால் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஐஸ் பெட்டிகளை நிறுக்கும் இரும்புத் தராசின் மேல் விளையாட்டாக ஏறி நின்றேன். மாமா அதன் கோலில் நகரும் பித்தளைக் குண்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இருபத்தொண்ணு" என்றார். கழித்தல் கணக்கு அந்த வருடம்தான் எனக்குச் சரியாக வரத் தொடங்கியிருந்தது. அதனால் பயமும் சரியாக வந்தது.

இத்தனை வருடம் கழித்து இது நினைவுக்கு வரக் காரணம் என் மகன். போன மாதம் மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்க்க நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். எடையைக் குறைப்பதற்காக இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ விடமாட்டம்மா" என்றான். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நன்றாகத்தான் இருக்கிறான். அவன் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுப்பதைப் பார்க்கும்வரை எனக்குத்தான் எந்த வேலையும் ஓடுவதில்லை.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. ஐந்தாம் வகுப்போடு பழவேற்காட்டை விட்டு மெட்ராசுக்கு ஓடிப்போய், காசிமேட்டில் ஐஸ் உடைத்து வயிறு வளர்த்தவர். அங்கே மைதானங்களில் நடந்த குத்துச்சண்டைகளைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஒருமுறை மேடை ஏறினார். முதல் சுற்றிலேயே மூக்கு உடைந்தது. அடி வாங்குகிறவனை விட அடி வாங்க ஆள் சேர்க்கிறவன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகும்போதே கண்டுகொண்டதாக அவரே சொல்வார். எங்கள் நைனா காமாலையில் இறந்த பிறகு, அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் துணையாக ஊர் திரும்பினார். இறால் கொட்டகையில் எடை போடும் வேலை கிடைத்தது. ஆனால் மெட்ராசிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து, தையல் விட்டுப்போன ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறை. அம்மா அதை வலை ஊசியால் நைலான் நூல் கோத்துத் தைத்துக் கொடுத்தாள். தன் மகனுக்காகத்தான் தைக்கிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. ஆழமில்லாத ஏரியில் கழி ஊன்றித் தோணி தள்ளியே தோள் இரண்டும் திரண்டிருந்தன. மாமா அவனை டச்சுக்காரர் கல்லறைக்கு அழைத்துப் போய்ப் பழக்கினார். சுற்றிலும் மதில், உள்ளே வேப்பமர நிழல், காவலாள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவான், பேய்க்குப் பயந்து வேறு யாரும் வரமாட்டார்கள். கல்லறைப் பலகைகளில் கப்பல்களும் பூக்கொடிகளும், எங்கள் ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகளும் இருக்கும். வெயிலில் சூடேறிய ஒரு பலகையில் உட்கார்ந்து நான் இலந்தைப்பழம் தின்பேன். எதிரே அண்ணன் காற்றைக் குத்திக்கொண்டிருப்பான். மதிலுக்கு அப்பால் ஏரி வெள்ளையாக, ஆடாமல் கிடக்கும். அந்த மதியங்கள் நடந்தவையா, நான் கண்ட கனவா என்று இப்போதுகூடச் சில நேரம் சந்தேகம் வரும்.

அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். மூன்று கிலோ காணாமல் போகும்வரை அவற்றை நான் பொருட்படுத்தியதில்லை. அதன் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர்களும் ஒருகாலத்தில் இருபத்துநாலு கிலோவாக இருந்து, சனிக்கிழமைதோறும் மூன்று மூன்றாகக் குறைந்தவர்கள். பனிக்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளின் கால்களைப் பார்த்தாலும் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் இரண்டு வேளை சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் கொட்டகைத் தராசு இருபத்தொன்றையே காட்டியது.

மாமாவிடம் மட்டும் சொன்னேன். "மாமா, நான் கொறஞ்சிக்கினே போறேன். ஸ்கூல்ல இருபத்துநாலு இருந்தேன்."

அவர் முதலில் வாசலைப் பார்த்தார். இறால் முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஐஸ் தொட்ட கையால் என் கன்னத்தைப் பிடித்தார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா பாப்பா?"

"இல்ல."

"சொல்லாத. வாய்விட்டுச் சொன்னா இன்னும் எறங்கும். வாய மூடிக்கினு இருந்தா தானா திரும்பி வந்துடும். இன்னா, புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். அவர் சொன்ன எதையும் நான் அதுவரை சந்தேகப்பட்டதில்லை.

காணும் பொங்கலன்று சண்டை என்று முடிவானது. மாமா நடத்தும் முதல் சண்டை. பொன்னேரியில் நோட்டீஸ் அடித்து, சுண்ணாம்புக்குளம் வரை சைக்கிளில் போய் ஒட்டிவிட்டு வந்தார். அண்ணனுக்கு ஏரிச் சுறா என்று பட்டம். ஏரியில் சுறா ஏது என்று மீன்காரர்கள் யாரும் கேட்கவில்லை. எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் என்று மாமா அண்ணனை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் எடை பார்த்து, முத்திரை வைத்த சீட்டும் வாங்கிவந்தார். ஐம்பத்தொன்பது கிலோ. அதே எடையில் மெட்ராசிலிருந்து ஒருவன் வருவதாகப் பேச்சு.

காணும் பொங்கல் காலை முதல் பஸ்ஸில் வந்தவன் வேறு ஆள். பேசி வைத்தவனுக்குக் காய்ச்சல், அதனால் தன்னை அனுப்பினார்கள் என்றான். சாந்தமான முகம், நல்ல உயரம், காளையின் கழுத்து. மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் வெளியூர்க்காரர்கள் கூடை கூடையாகக் கட்டுச்சோற்றோடு படகேறி, ஏரிக்கு அக்கரையில் கடலை ஒட்டியிருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே மணலில் நான்கு பனங்கட்டைகள் நட்டு, வலைக்கயிறு கட்டி மேடை தயாராக இருந்தது. ஆஸ்பத்திரி பொங்கலுக்கு மூடியிருந்தது.

"வா, நம்ம கொட்டகையிலயே எட பாத்துடலாம்" என்றார் மாமா.

நாங்களும் கூடவே போனோம். மெட்ராஸ்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தராசின் மேல் ஏறினான். மாமா பித்தளைக் குண்டை மெதுவாகத் தள்ளினார்.

"அம்பத்தொம்பது. சரியா கீது."

கூட்டத்தில் ஒருவர் சந்தேகப்பட்டார். "இன்னொரு தபா பாருப்பா. இவன் கழுத்தே பத்து கிலோ இருக்கும் போலகீதே."

"அது மெட்ராஸ் கழுத்து. உள்ள காத்துதான்" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மெட்ராஸ்காரனும் சிரித்தான்.

"அப்ப நம்ம பையனயும் இதுலயே ஏத்திப் பாரேன்."

"கவர்மெண்ட் முத்திர கீதுபா. அதுக்கு மேல இன்னா?"

அதோடு பேச்சு அடங்கிவிட்டது. அந்தத் தராசோடு வாதாடிப் பழக்கமில்லாத ஊர் எங்களுடையது. ஏரியில் இடுப்பளவு நீரில் நாளெல்லாம் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள், பத்து கிலோ இருக்கும் என்று கூடையை இறக்குவார்கள். ஒன்பதுகூட இல்லை என்று தராசு சொல்லும். அவர்கள் சந்தேகப்பட்டது தங்கள் கையைத்தான். வயதாகிவிட்டது, கைக்குக் கனம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போவார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

எனக்கு அந்த மெட்ராஸ்காரனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவனும் ஊரில் கூடுதலாக இருந்திருப்பான், இந்தத் தராசு இவனிடமிருந்தும் எடுத்துக்கொண்டது என்று தோன்றியது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல. எனக்கு எலும்புக்கூடுகள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

சண்டை வெயில் சாயும் நேரத்தில் தொடங்கியது. எனக்கு அது தண்ணீருக்குள்ளிருந்து பார்த்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் ஏரி, நடுவில் பொன்னிற மணலில் இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். "மெட்ராஸ்காரன் இட்லி துன்னு வளந்தவன், நம்மாளு இறா துன்னு வளந்தவன், பாத்துக்கலாம்" என்று யாரோ கத்துகிறார்கள். முதல் சுற்றில் அண்ணன் வேகமாக இருந்தான். அவன் குத்துகள் விழுந்தன, ஆனால் எதிரே இருந்தவன் அசையவில்லை. இரண்டாவது சுற்றில் அண்ணனின் இடது பக்கத் தலையில் ஓர் அடி விழுந்தது. நனைந்த பாயைக் கரையில் அடித்ததுபோல ஒரு சத்தம். மூன்றாவது சுற்றில் அதே இடத்தில் இன்னொன்று. பாரம் கூடிய தோணி சாய்வதுபோல அவன் நிதானமாகச் சாய்ந்தான். மாமா துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், அண்ணனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காதிலிருந்து கோடாக ரத்தம் வந்தது. மெட்ராஸ்காரன் கையுறையைக்கூடக் கழற்றாமல் எதிரே மண்டியிட்டான்.

"யக்கா, வேணும்னு அடிக்கல. இவன் இம்மாம் லேசா இருப்பான்னு தெரியாது. நான் எப்பவும் அறுபத்தேழு. காலைல இங்க அம்பத்தொம்பதுன்னு வந்துச்சி. பஸ்ல வந்ததுல எளச்சிட்டேன் போலன்னு நெனச்சிக்கினேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவின் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் இரண்டு கைகளையும் தூக்கி, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எட்டு கிலோ எங்க போச்சி?" என்றாள். பிறகு, "அப்ப நம்ம கூடையில எம்மாம் போயிருக்கும்?"

பொழுது இறங்குவதற்குள் ஊரே படகேறி ஏரியைக் கடந்து கொட்டகைக்கு வந்தது. ரேஷன் கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, பிரிக்காத நூறு கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தராசில் ஏற்றினார்கள். எண்பத்தெட்டு காட்டியது. அப்போது மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பித்தளைக் குண்டைக் கழற்றிக் கல்லில் வைத்து, ஐஸ் உடைக்கும் கடப்பாரையால் ஒரே அடி அடித்தார். குண்டு மூடிபோலத் திறந்துகொண்டது. உள்ளே ஈயம். குண்டின் கனம் கூடினால் தராசு காட்டும் எடை குறையும். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. எங்கே அடித்தால் அது திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை.

முதலாளி பொங்கலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. கொட்டகைக்கு மீனவர் சங்கத்தின் புதுத் தராசு வந்தது. தராசின் குட்டை உடைக்கவே மாமா அந்தச் சண்டையை ஏற்பாடு செய்தார் என்று ஊர் பேசியது. மாமா அதை ஆமோதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அங்கிருந்துதான் அவருடைய தொழில் வளர்ந்தது. எண்ணூர், மீஞ்சூர், காசிமேடு, ஆந்திர எல்லை தாண்டிச் சூலூர்ப்பேட்டை வரை சண்டைகள் நடத்தினார். நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் "தராசை நிமிர்த்தியவர்" என்று போடுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் பஸ் கூரையில் சொந்தத் தராசு ஒன்றை ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு வீரர்களையும் உள்ளூர்த் தராசில் ஒருமுறை, தன் தராசில் ஒருமுறை நிறுப்பார். ஒன்றரைக் கிலோ வித்தியாசத்துக்காக, விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் ஒரு சண்டையையே நிறுத்தியிருக்கிறார். இத்தனை நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று மெட்ராஸ்காரர்களே சொல்வார்கள்.

அம்மா மட்டும் அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். சண்டையில் அண்ணனுக்கு உடைந்த பல்லுக்காகக் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணனின் இடது காது அன்றோடு கேட்காமல் போய்விட்டது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் அவன் அதை மறைத்து வைத்திருந்தான். பின்னால் வந்த மோட்டார் படகின் சத்தம் கேட்காமல், அவன் தோணி உடைந்த அன்றுதான் தெரிந்தது. இன்றும் யாராவது பேசினால் வலது பக்கத்தைக் காட்டித்தான் நிற்பான்.

மாமா இறந்து மூன்று வருடமாகிறது. அம்மா தைத்த அந்தக் கையுறை அவருடைய பெட்டியிலிருந்து என் மகனுக்கு வந்தது. நைலான் தையல் இன்னும் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் "சொன்னா நீ விடமாட்ட" என்றபோது, என் கன்னத்தில் ஐஸ் தொட்ட ஒரு கை பட்டதுபோல இருந்தது.

அண்ணனின் சண்டை முடிந்து ஒரு வாரத்தில் கொட்டகைக்குப் புதுத் தராசு வந்தது. மாமா முதல் ஆளாக என்னைத் தூக்கி அதன் மேல் நிறுத்தினார். இருபத்துநாலு.

"பாத்தியா பாப்பா. வாய மூடிக்கினு இருந்ததால திரும்பி வந்துடுச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் எடை திரும்பிய சந்தோஷம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். வழியில் கல்லறை வாசலில் நின்று, பயமில்லாமல் அந்த எலும்புக்கூடுகளைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டிருந்ததால்தானே இவர்களுக்கு இந்தக் கதி என்று தோன்றியது. வீட்டில் அண்ணன் வீக்கம் மேலே இருக்கும்படி வலது பக்கம் ஒருக்களித்துப் பாயில் படுத்திருந்தான். எடைதான் திரும்பிவிட்டதே, இனி இவனிடமாவது சொல்லலாம் என்று பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். நர்சம்மா எழுதிய இருபத்துநாலு, கொட்டகைத் தராசின் இருபத்தொன்று, மாமாவிடம் நான் சொன்னது, யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொன்னது, எதையும் விடாமல், அம்மாவுக்குக் கேட்காமல், மேலே தெரிந்த இடது காதில் கிசுகிசுத்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் கேட்டுவிட்டது என்று நினைத்து விளையாடப் போனேன்.