இரண்டு முகமும் தெளிவாக

முதல் படத்தில் மச்சாளின் தோடு அத்தனை தெளிவாக விழுந்திருந்தது. தோட்டின் சிவப்புக் கல், அதைப் பிடித்திருந்த பொன் முனைகள், காதோரம் சுருண்டு கிடந்த மெல்லிய முடி எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தன. கண் மட்டும் பனிமூட்டத்துக்குள் இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் எங்கள் வீடு. அதன் பல்கனியில் அவளைக் கதிரையில் இருத்தி, புது லென்ஸை முதன்முதலாகப் பரீட்சித்த மாலை அது. கமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "தோடு நல்ல வடிவா விழுந்திருக்கு மச்சாள். நான் எங்க?"

அவள் என் கணவரின் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, காலி வீதியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். நான் வாரநாட்களில் காப்புறுதி அலுவலகம், சனி ஞாயிறுகளில் கமரா என்று ஓடத் தொடங்கியிருந்த காலம். தெரிந்தவர்களின் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா என்று சின்னச் சின்ன அழைப்புகள் வந்துகொண்டிருந்தன.

அந்த ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸில் சூம் கிடையாது. ஆளைக் கிட்டத்தில் பிடிக்கவேண்டுமென்றால் நடந்துதான் போகவேண்டும். அதன் பெருமையெல்லாம் அப்பேச்சர் என்ற, வெளிச்சம் புகும் துவாரத்தில் இருந்தது. ஒன்று தசம் நான்கு வரைக்கும் அகலமாகத் திறக்கலாம். மங்கல் வெளிச்சத்திலும் பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். முகத்துக்குப் பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெய்போல் உருகிப்போகும். இந்த ஆசையில்தான் அதை வாங்கினேன். ஆனால் அவ்வளவு திறந்தால் தெளிவாக விழும் பகுதி விரல் தடிப்புக்குமேல் இருக்காது, அந்தத் தடிப்புக்கு முன்னும் பின்னும் எல்லாம் கலங்கிவிடும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகே புரிந்துகொண்டேன். மூக்கு நுனி தெளிவாக வந்தால் கண் வராது. கண் வந்தால் காது வராது.

இரண்டு மூன்று வாரங்கள் லென்ஸைத்தான் திட்டினேன். மச்சாள் லீவு நாட்களில் முறுக்கைக் கடித்துக்கொண்டு அலுக்காமல் எனக்கு முன்னால் இருந்தாள். ஒருநாள் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் முதல்ல என்ர கண்ணைக் குறிபாக்கிறீங்கள், பிறகு கமராவைத் திருப்புறீங்கள், திருப்பேக்க நீங்களும் ஆடுறீங்கள்" என்றாள். அதுதான் விஷயம். நடுப்புள்ளியால் போக்கஸ் செய்துவிட்டு, படத்தை அழகாக அமைக்கக் கமராவைச் சரிக்கும் பழக்கம் எனக்கு. அந்தச் சின்ன அசைவிலேயே கண் அந்த விரல் தடிப்பைவிட்டு வெளியே போய்விடும். அதன் பிறகு போக்கஸ் புள்ளியையே நகர்த்தி, எனக்குக் கிட்ட இருக்கும் கண்ணின்மேல் வைத்தேன். ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டபடி, ஒரே மூச்சில் நாலைந்து படங்கள் எடுக்கப் பழகினேன். ஒன்றாவது தெளிவாக விழும். மச்சாளின் கண்மணிக்குள் பல்கனிக் கம்பிகள் தெரிந்த நாளில் இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம்.

அந்தத் துணிவில்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்ணின் கலியாணப் பதிவுக்குப் படம் எடுக்க ஒத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த முதல் கலியாணம் அது. தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பாவும் நானும் ஒரு படத்துல இருக்கணும் அக்கா. மத்ததெல்லாம் எப்பிடி வந்தாலும் பரவாயில்ல." மாப்பிள்ளை கொச்சிக்கடைப் பக்கத்துக் கத்தோலிக்கர். பெண் வீட்டாரோ சைவக் குடும்பம். இந்தப் பேச்சு வீட்டில் எழுந்த நாளிலிருந்து தகப்பன் அவளோடு கதைப்பதில்லை. சம்மதித்துவிட்டார், ஆனால் அந்தச் சம்மதத்தையும் தாயிடம்தான் சொன்னார். இதற்கிடையில் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அவர் கட்டிலோடு ஆகிவிட்டார். மண்டபத்தில் நடக்கவேண்டிய பதிவை வீட்டிலேயே, அவருடைய அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்று மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சின்ன அறை. கட்டில், அலுமாரி, ஒரேயொரு ஜன்னல், நாலு பக்கமும் கிளிப்பச்சைச் சுவர். பிளாஷை அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி எல்லா முகங்களையும் பச்சையாக்கியது. பெரியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம்தான் கதி என்று லென்ஸை அகலத் திறந்தேன். பெண் சிவப்புப் பட்டுச் சேலையோடு கட்டிலின் தலைமாட்டில், தகப்பனுக்குப் பின்னால் நின்றாள். அவர் தலையணைகளில் சாய்ந்து நேராகப் பார்த்தபடி இருந்தார். தகப்பனின் கண்ணில் போக்கஸ் வைத்தால் மகள் சிவப்புப் புகையானாள். மகளின் கண்ணில் வைத்தால் தகப்பன் காணாமல் போனார். அப்பேச்சரைக் குறுக்கிப் பார்த்தேன். வெளிச்சம் போதாமல் ஷட்டர் வேகம் இறங்கி, அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் படம் அசைந்தது. கமராவின் உணர்திறனைக் கூட்டினால் முகமெல்லாம் ரவை தூவியதுபோல் ஆனது. அது பழைய கமரா. பதிவாளர் முன்னறையில் தேத்தண்ணீர் குடித்து முடித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்ட ஒரேயொரு படம் இது. அதில் இரண்டு பேரில் யாரை நான் விடுவது?

மச்சாளிடம் மெல்லிய குரலில், "இரண்டு பேற்ற கண்ணும் ஒரே தூரத்தில இருந்தாத்தான் சரிவரும்" என்றேன். அவள் உடனே கட்டிலடிக்குப் போனாள். பல் வைத்தியரின் கதிரையில் இருப்பவர்களோடு கதைக்கும் அதே குரல்.

"தங்கச்சி, கட்டில்ல ஏறி அப்பாவுக்குப் பக்கத்தில இருங்கோ. அப்பாவின்ர கன்னத்தோட உங்கட கன்னத்தை வையுங்கோ. ஐயா, நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். மூக்கால மூச்சு விட்டா காணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் நகரவில்லை. பெரியவர்தான் இடுப்பு நோவில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, கைகளை ஊன்றிச் சுவர்ப் பக்கமாக மெல்ல நகர்ந்தார். கட்டிலில் ஓர் ஆள் இருக்க இடம் வந்தது.

அவள் ஏறி இருந்தாள். கன்னம் கன்னத்தில் பட்டது. போக்கஸ் புள்ளியைத் தகப்பனின் கண்ணில் வைத்துத் ஷட்டரைத் தொடர்ந்து அமுக்கினேன். முதல் படங்களில் அவள் கண்ணை மூடியிருந்தாள். கடைசி இரண்டிலும் நாலு கண்களும் கண்ணாடிபோல் தெளிவாக விழுந்தன.

திரையில் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி மகளிடமே கேட்டார்.

"என்னம்மா இது, தாடி முள்ளு முள்ளாத் தெரியுது? இப்பிடியா மாப்புள்ள வீட்டாளுங்க முன்னால இருக்கிறது?"

வாசலில் தட்டோடு நின்ற தாய் அப்படியே நின்றுவிட்டார். பெண் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். ரேசரும் சவர்க்காரமும் துவாயும் கொண்டுவந்தாள். தகப்பனின் மோவாயைப் பிடித்து நுரை பூசி, கண்ணீர் வழிய வழியச் சவரம் செய்யத் தொடங்கினாள். "பாத்து, பாத்து, வெட்டிப்புடாத" என்று அவர் அதட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர்க் கோப்பையை ஏந்திக்கொண்டு மாப்பிள்ளை வந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான். பெரியவர் அவனையும் ஒருதரம் பார்த்தார். "இப்பிடி வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க தம்பி" என்றார். பதிவாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவசரம் இல்லை, அவசரம் இல்லை" என்று மறுபடியும் போய் உட்கார்ந்தார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். எதில் போக்கஸ் இருந்தது, எதில் இல்லை என்று அப்போது பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. மச்சாள் ஜன்னலோரம். நான் கேட்டேன்: "அவை இரண்டு பேரும் கதைக்கிறேல்லை எண்டு நினைவிருந்ததோ, இல்லாட்டி மறந்துபோய்ச் சொன்னனீங்களோ?"

"படம் சரிவராதெண்டு நீங்கள்தானே அழுமாப்போல நிண்டனீங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அவள் கலியாணம் முடித்து மட்டக்களப்பில் இருக்கிறாள். நான் காப்புறுதி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படம்தான் எடுக்கிறேன். இன்றைய கமராக்கள் கண்ணைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்கின்றன. ஒன்று தசம் நான்கில் எடுத்தாலும் தவறுவது குறைவு. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். மண்டபங்களில் தள்ளித் தள்ளி நிற்கும் சொந்தக்காரர்களைக் காணும்போது மட்டும் பக்கத்தில் மச்சாள் இல்லையே என்று இருக்கும். பிறகு நானே போய் அவர்களை நெருக்கி இருத்திவிடுவேன். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

போன கிழமை தொலைபேசியில் கதைக்கும்போது மறுபடியும் கேட்டுப் பார்த்தேன், அன்றைக்கு வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னாளா என்று.

"படம் வடிவா வந்ததோ இல்லையோ?"

"வந்தது."

"பிறகென்ன மச்சாள்" என்றாள். அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குவது எனக்கு நன்றாகவே கேட்டது.