ங வந்த வாரம்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குக் கட்டக்காரர் என்று பேர். பிழை திருத்துவதுதான் வேலை. ஆனால் அதற்காக யாரும் அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வரும். கட்டத்துக்கு நடுவில் ஓர் எழுத்து. அந்த எழுத்து இருக்கிற சொற்களைத் தேடிப் பிடித்து வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும். எழுத்து புள்ளி வைத்துக்கொண்டு வந்தாலும் செல்லும், கொம்பு முளைத்து வந்தாலும் செல்லும். பத்தொன்பது வருஷமாக அதைப் போடுகிறவர் இவர். மனுஷன் காய்கறிக் கடைக்குப் போனால் பலகையில் விலையைப் பார்க்க மாட்டார், எழுத்தைத்தான் பார்ப்பார்.

அவர் மனைவி அவரைவிடக் கெட்டிக்காரி. புதன்கிழமை மாலை கட்டம் அச்சுக்குப் போய்விடும். வியாழக்கிழமை காலையில் எழுத்தை மட்டும் அவளிடம் சொல்வார். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் சேர்த்த பட்டியலில் இல்லாத நாலு சொல்லை அவள் துணி மடித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். "என்னங்க, இதுகூடத் தெரியாமலா சம்பளம் வாங்கறீங்க?" என்று கேட்பாள். அவருக்குக் கோபமே வராது. அவள் சொன்னதை விடைப் பட்டியலில் சேர்க்க உடனே அச்சகத்துக்குப் போன் போடுவார்.

போன வருஷம் குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது, வலது கையும் பேச்சும் போயின. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவர் வீட்டில் எழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாரிடம் சொல்வது?

ஐந்து மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "கடப்பாரை" என்றாள்.

கரண்டி கீழே விழுந்தது. அவள் குரல்தான், துளி மாற்றமில்லை. ஆனால் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் யாரோ எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி சொன்னாள். மத்தியானம் "ஓடம்" என்றாள். மறுநாள் "பெட்டகம்". சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்தபோதுதான் கவனித்தார். அந்த வாரத்து எழுத்து ட.

அடுத்த வாரம் ழ போட்டார். கழுகு, புழுதி, தாழ்ப்பாள் என்றாள். அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே பக்கத்தை அச்சுக்கு அனுப்புகிற கடைசி நிமிஷத்தில் ற-வை எடுத்துவிட்டு ஞ-வை வைத்தார். அதைப் பார்த்தது அவரும் பக்கம் கட்டுகிறவரும் மட்டும்தான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கண்ணைத் திறக்கும்போதே, "மஞ்சள்" என்றாள். அவர் கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். கட்டின மனைவியைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் ஒரு நாள் வந்தாள்.

"உங்களுக்கே அறுபத்தொண்ணு ஆகுதுப்பா. இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கி உட்கார வைப்பீங்க? எங்க ஊர்ல நல்ல இல்லம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்."

"அவ என்னை விட்டுட்டு இருக்க மாட்டாம்மா."

"அம்மாவுக்கு நீங்க யாருன்னே தெரியலப்பா. ஏதோ வார்த்தை சொல்றாங்க, அவ்வளவுதான்."

"தெரியும். என்னைத் தெரியும்."

"அப்படின்னா ஒரே ஒரு தடவை உங்களக் கூப்பிடட்டும். அப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்."

புதன்கிழமை அவர் கட்டத்தின் நடுவில் ங போட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

"ங-வா?" என்றார் பக்கம் கட்டுகிறவர். "சார், வாசகர்கள் நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். போடுங்க."

அலுவலகத்துக்கு நாலு நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். வியாழக்கிழமை "சங்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து "சுரங்கம்". ஒவ்வொரு தடவை அவள் உதடு பிரியும்போதும் அவர் முன்னால் குனிந்தார். வெள்ளிக்கிழமை "மூங்கில்" வந்தது, அப்புறம் "வெங்காயம்". உலகத்தில் ஒரு வெங்காயத்துக்காக இவ்வளவு அழுத மனுஷன் அவராகத்தான் இருப்பார். சனிக்கிழமை முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. யோசிச்சுப் பாரு" என்று கெஞ்சினார். அந்தச் சொல்லை அவரே எடுத்துக் கொடுத்தால் கிளிப்பிள்ளை மாதிரி அவளும் சொல்லிவிடுவாளோ என்னவோ. அது வேண்டாம், அது அவள் கூப்பிட்டதாகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறந்து அம்மாவின் புடவைகளைப் பெட்டியில் அடுக்கினாள். அவர் தடுக்கவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். மனைவி கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"என்னங்க" என்றாள்.

சுவரைப் பார்த்துப் படிக்கிற குரல் இல்லை. பழைய குரல், துணி மடிக்கும்போது வருகிற அதே குரல்.

மகள் கையிலிருந்த புடவையை அப்படியே போட்டாள். "கூப்பிட்டுட்டாங்கப்பா! உங்களத்தான் கூப்பிடறாங்க" என்று அழுதாள். "நான் அழைச்சிட்டுப் போகல. சத்தியமா போகல." பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து யாரோ ஏதோ சொல்லக் கேட்கிறவளாக லேசாகத் தலையை ஆட்டினாள். அப்புறம் சிரித்தாள்.

"கிட்டப் போங்கப்பா" என்றாள் மகள்.

அவர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் பார்வை மெல்ல அவரை விட்டு நகர்ந்து, அலமாரிக்குப் பக்கத்தில், அவர் இப்போதுதான் விட்டு வந்த இடத்தில் போய் நின்றது. அங்கே பார்த்து, அவ்வளவு பிரியமாக, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.