நிலவு இல்லாத கோளில் திதி இல்லை

மனைவி இறந்து ஓராண்டு நெருங்கிக்கொண்டிருந்த சித்திரையில், மத்தியானங்களைக் கடத்துவதற்காக ஒரு கோளைக் கற்பனை செய்து எழுத ஆரம்பித்தேன். மலையின் வெக்கை திருவண்ணாமலை வீடுகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் மாதம் அது. ஒரு பக்கம் முடிந்ததும் மேலே தேதி, கிழமை, நேரம் போட்டு, படமெடுத்து, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்புவேன். எங்களுக்குள் வேறு பேச்சு குறைவு. அவளும் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொள்வாள்.

என் கோள் தன் விண்மீனை மிக ஒட்டிச் சுற்றுகிறது. நம் கணக்கில் மூன்று நாள் அதற்கு ஓர் ஆண்டு. தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவும் அதே மூன்று நாள் ஆவதால், ஒரே முகம்தான் எப்போதும் விண்மீனைப் பார்க்கும். கிரிவலம் போகிறவருக்கு வழி முழுக்க வலது தோள் மலைப்பக்கமே இருப்பதைப் போல. அந்த முகத்தில் கல் ஆவியாகும். காற்று அதை இருட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அங்கே அது ஆறி, மணல் மழையாகக் கொட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்க யாரும் இல்லை. நாள் விடிவதில்லை, சாய்வதும் இல்லை. தினசரி காலண்டர் அடித்தால் ஒரு தாள் போதும். கிழிக்கும் வேலை இராது.

ஒரு வெள்ளிக்கிழமை, அதற்கு நிலவும் கிடையாது என்று எழுதினேன். ஆகவே பௌர்ணமி இல்லை, அமாவாசை இல்லை, திதியே இல்லை.

அதைப் படித்ததும் மகள் போன் செய்தாள். அம்மாவுக்கு முதல் வருஷ திதி என்றைக்கு என்று கேட்டாள். முன்பே சொன்ன நாளைத் திரும்பச் சொன்னேன்.

"அது தேதிப்பா. அம்மா போன தேதி. திதி என்னிக்கு?"

புரோகிதரிடம் ஓடினேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பதினோரு நாள் முன்னதாகவே வருகிறது என்றார். "திதிதான் சார் நமக்கு. தேதியெல்லாம் கவர்மென்ட்டுக்கு."

போன வருஷம் விமானம் கிடைத்து மகள் வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டிருந்தது. இந்த முறையாவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் ஆறு மாதம் முன்பே லீவு வாங்கியிருந்தாள். அதை மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். அலுவலகத்தில் முடியாது என்றுவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "எல்லாத்துக்கும் தேதி போடுவீங்களேப்பா" என்று மட்டும் சொன்னாள்.

திதியன்று நான் தனியாகத் தர்ப்பணம் செய்தேன். புரோகிதர் போனபின் இலை போட்டு, நானே பரிமாறிக்கொண்டு, நானே சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் காலை மகள் வந்தாள். குளித்து, ஈரத் தலையோடு அம்மா படத்தின் முன் நின்று, நான் என்ன செய்யணும் என்று கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சிம்மா."

"அப்ப நான் சும்மாதான் வந்திருக்கேன்."

ஆமாம் என்றேன். அவள் அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.